டெலிபோனில் நிறம் சொல்லி விற்ற சேலைகள்

சேலையைக் கண்ணால் பார்க்காமல், கையால் தொட்டுப் பார்க்காமல் ஒரு பெண் வாங்குவாள் என்று அந்தக் காலத்தில் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு முழம் ரவிக்கைத் துணிக்கே நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள் நாங்கள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம், நூலை இழுத்துப் பார்ப்போம், கசக்கிப் பார்ப்போம். அப்படிப்பட்டவர்களுக்கு ஒன்பது வருடம் டெலிபோனிலேயே சேலை விற்றேன் என்று சொன்னால், இப்போது கைப்பேசியில் எல்லாம் வாங்குகிற பிள்ளைகள்கூட நம்புவதில்லை. எனக்கே இன்னும் அது திகைப்பாகத்தான் இருக்கிறது.

அதைவிடப் பெரிய திகைப்பு, அதை நான் செய்தேன் என்பது. நான் ஆளைக் கண்டால் பேச வராதவள். செம்பவாங்கில் கப்பல் பட்டறைக் குடியிருப்பில் பிறந்து, அங்கேயே தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தேன். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருந்தும் எழுந்து நிற்க மாட்டேன். கல்யாணமாகி வந்த வீட்டில் முதல் ஒரு வருடம் என் குரலை மாமனார் கேட்டதே இல்லை. எதிரில் ஒரு முகம் இருந்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் அப்படித்தான்.

பட்டறையில் ஆட்குறைப்பு வந்து என் கணவருக்கு வேலை போனபோது நாங்கள் தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்து புளோக்கில் பத்தாவது மாடிக்குக் குடி வந்திருந்தோம். எட்டாவது மாடியில் என் ஓர்ப்படி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, இருந்தாள். எனக்கு நேர் எதிரானவள். லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாரிடமும் பேசி, அவர்கள் எந்த மாடியில் இறங்குகிறார்கள், என்ன சமைத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வாள். அவள்தான் சிராங்கூன் சாலையில் ஒரு மொத்தக் கடையிலிருந்து இருபது சேலை கட்டாக எடுத்து வந்து, என் வீட்டுக் கட்டிலில் பரப்பினாள். எங்கள் வீட்டில்தான் ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். ஓர்ப்படி விரித்துக் காட்டினாள். நான் அடுப்படியில் ஒளிந்துகொண்டேன்.

"ஏண்டி, ஒன்ன கட்டிக் கொடுக்கறதுக்கா பாக்க வந்திருக்காங்க? வெளிய வா!" என்று அவள் கத்தியது எல்லாருக்கும் கேட்டது. நான் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து செம்பவாங்கிலிருந்து என் பழைய சிநேகிதி ஒருத்தி டெலிபோன் செய்தாள். பேச்சு எங்கெங்கோ போய்க் கட்டிலில் கிடந்த சேலைகளுக்கு வந்தது. "என்ன கலர்?" என்றாள். ரோஸ் என்றேன். "ரோஸ்னா எந்த ரோஸ், லா? ரோசாப்பூவா, பென்சில் ரப்பரா?" என்றாள். நான் சேலையைப் பார்த்தேன். அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. "நம்ம ஊர்ச் சந்தையில பாண்டுங் குடிப்போமே, பால்ல ரோஸ் சிரப் ஊத்தி? அதுல ஐஸ் பாதி கரைஞ்சதும் ஒரு கலர் வருமே, அது," என்றேன்.

அந்தப் பக்கம் அவள் நாக்கைச் சப்புக்கொட்டினாள். பிறகு, "எனக்கு எடுத்து வை," என்றாள்.

என் ஓர்ப்படி வாயில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாள் முழுக்கத் தொண்டை வறளக் கத்தி அவள் விற்றது மூன்று. நான் ஒரு சேலையைக்கூட விரிக்காமல் ஒன்று விற்றிருந்தேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. செம்பவாங்கில் ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்ல, அவள் ஜூரோங்கில் இருக்கும் தங்கைக்குச் சொல்ல, புதிதாகக் கட்டிய அடுக்குமாடிப் பேட்டைகளுக்குக் குடிபோன பெண்கள் எல்லாரும் அழைத்தார்கள். தேக்காவுக்கு வரவேண்டுமானால் அவர்களுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு கடையில் நிற்க முடியாது. வீட்டில் இருந்தபடி நிறத்தைக் கேட்டு வாங்குவது அவர்களுக்குச் சுகமாக இருந்தது. எதிரில் முகம் இல்லாததால் எனக்கும் நாக்கு புரண்டது. ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். என் கணவர், "இது என் பொண்டாட்டி குரல்தானா?" என்று வந்து எட்டிப் பார்ப்பார்.

காலையில் மார்க்கெட்டுக்குப் போய் வந்ததும் காய்கறியைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் வேலை. எல்லார் வீட்டிலும் இருக்கிற பொருளாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். மங்குஸ்தீன் தோல், டுரியான் சுளை, பால் ஊற்றாத கோப்பி, தேங்காய்ப்பாலில் போட்டுக் குடிக்கிற செண்டோலின் பச்சை. ஒருத்திக்குக் கங்கோங் கீரை நிறம் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளே கூப்பிட்டாள். "இது கங்கோங்கா? எங்க வீட்டுல கங்கோங் இப்படியா இருக்கு?" விசாரித்தால் அவள் சாயங்காலம் விலை குறைந்த பிறகு கீரை வாங்குகிறவள். அவள் பார்த்த கங்கோங் வாடிய கங்கோங். அதிலிருந்து "காலையில வந்த கங்கோங்" என்று சொல்லப் பழகினேன்.

ஒருத்தி சேலையைத் திருப்பி அனுப்பினாள், பிடிக்கவில்லை என்று. பிரித்தால் சந்தனமும் வியர்வையும் கலந்த வாசனை, மடிப்புக்குள் ஒரு மல்லிகை மொட்டு. ஒரு கல்யாணம் முழுக்கக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்து, சாப்பிட்டு, பிடிக்கவில்லை என்று அனுப்பியிருக்கிறாள். மூஞ்சியில் அடித்தாற்போல் இருந்தது எனக்கு. என் ஓர்ப்படி மொத்தக் கடைக்காரரிடம் போய்ப் புலம்பினாள். அவர் சிரித்துவிட்டு, "அவளுக்கு அடுத்த சேலைய மொத ஆளா காட்டு," என்றாராம். சண்டை போட்டால் ஒரு ஆள் போகும், அவள் வாயால் இன்னும் பத்து ஆள் போகும் என்பது அவர் கணக்கு. அதேபோல அவள் எங்களிடம் அதற்குப் பிறகு நிறைய வாங்கினாள். ஒன்றையும் திருப்பவில்லை. அதுவும் எனக்கு ஆச்சரியம்தான்.

அந்தக் கடைக்காரர் சொன்னதாக ஓர்ப்படி எனக்குக் கொண்டுவந்த பாடங்கள் வேறு இரண்டு உண்டு. ஒன்று, சொன்ன நாளில் பொருள் போய்ச் சேர வேண்டும், வானம் இடிந்து விழுந்தாலும். இன்னொன்று, பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவர்கள் கேட்காத ஏதோ ஒன்று உள்ளே இருக்க வேண்டும். "அப்பத்தான் அடுத்த வாட்டியும் பிரிக்கணும்னு ஆசை வரும்."

கேட்காத ஒன்று என்றால் எங்களுக்கு வேறு என்ன தோன்றும்? ஒரு சின்னக் காகிதப் பையில் மஞ்சள் கிழங்கு, குங்குமம், நாலு கண்ணாடி வளையல். சுமங்கலி வீட்டுக்குப் போகிற சேலை வெறுமனே போகலாமா? ஒவ்வொரு சேலையோடும் ஒன்று வைத்தேன். பெண்களுக்குச் சந்தோஷம். ஆனால் ஒரு நாள் ஒரு கத்தோலிக்கப் பெண் கூப்பிட்டு, "அக்கா, குங்குமத்த வெச்சு நான் என்ன செய்ய? எங்க சாமியார் பாத்தாருன்னா என்னத்தான் வெளிய வெப்பாரு, லா!" என்று சிரித்தாள். எனக்குக் காது மடல் சுட்டது. அன்றிலிருந்து புது ஆள் கூப்பிட்டால், "தங்கச்சி, நீங்க கோயிலுக்கா, சர்ச்சுக்கா?" என்று கேட்டு, சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு என் நோட்டில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிடுவேன். அவர்கள் பொட்டலத்தில் வளையல் மட்டும். எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று எனக்கு நினைப்பு.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து கூப்பிட்ட பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அவளுக்காகத்தான்.

ஜூரோங்கில் ஏதோ எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் மத்தியான ஷிப்டு வேலை. கேன்டீனில் இருக்கும் காசு போடும் டெலிபோனிலிருந்துதான் அழைப்பாள். பின்னால் தட்டு கழுவுகிற சத்தம் கேட்கும். நல்ல சிரித்த குரல். "அக்கா, இன்னிக்கு மார்க்கெட்ல என்ன கலர் வந்திருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பாள். வெளுத்த நிறம் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. மிளகாய்ச் சிவப்பு, டுரியான் மஞ்சள், செண்டோல் பச்சை. நான் சொல்லச் சொல்ல, "இன்னும் சொல்லுங்க, கரை எப்படி, முந்தி எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் நிறம் சொல்வதை அவளைப் போல ரசித்துக் கேட்டவர்கள் யாரும் இல்லை. சமயத்தில் வாங்காமலே வெறுமனே கேட்டுவிட்டு வைப்பாள். எனக்கு அது பிடிக்கும்.

"கோயிலுக்கா, சர்ச்சுக்கா?" என்று முதல் தடவை கேட்டபோது "கோயிலுக்கு" என்றாள். மஞ்சள் குங்குமம் வைத்தேன்.

அவள் ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள். "மேல வீட்டுக்குக் கொண்டு வர வேண்டாங்கா. புளோக்குக்குக் கீழ, தபால் பெட்டி கிட்ட பதினோரு மணிக்கு நிப்பேன். அண்ணன அங்க வந்து குடுக்கச் சொல்லுங்க." என் கணவர்தான் மோட்டார் சைக்கிளில் எல்லார் சேலையையும் கொண்டுபோய்க் கொடுப்பார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்குகிற பெண்கள் நிறையப் பேர் உண்டு. இவளும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் ஏழு சேலை போயிருக்கும்.

எட்டாவது சேலை பாண்டுங் நிறம். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஏதோ விருந்து. வியாழக்கிழமை கண்டிப்பாகக் கையில் வேண்டும் என்றாள். சரி என்றேன். புதன்கிழமை என் கணவருக்குக் காய்ச்சல். வியாழன் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. ஓர்ப்படி வேறு ஒரு சாவுக்குப் போயிருந்தாள். சொன்ன நாளில் போய்ச் சேர வேண்டும். அவளுக்குச் சொல்லி அனுப்ப நம்பரும் கிடையாது. சேலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு நானே பஸ் ஏறினேன்.

தபால் பெட்டி பக்கத்தில் நின்றேன். பதினொன்று ஆனது. பதினொன்றே கால். பதினொன்றரை. போகிற வருகிறவர்கள் எல்லாம் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. அவள் வரவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்றால் நாளைக்கு விருந்து. மேலே போகக் கூடாது என்று அவள் சொன்னது ஞாபகம் இருந்தது. சொன்ன நாளில் கொடுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதும் ஞாபகம் இருந்தது. இரண்டில் நான் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். வீட்டு நம்பர் நோட்டில் இருந்தது. லிஃப்டில் ஏறினேன்.

கதவைத் திறந்தது ஒரு வயதான அம்மா. நெற்றி நிறைய விபூதி. இரும்புக் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "யாரும்மா? என்ன வேணும்?" என்றார்.

எதிரில் முகம். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. பையை நீட்டினேன். "சேலை" என்று மட்டும் வந்தது.

"சேலையா? யாருக்கு?"

"உங்க... மருமகளுக்கு."

அவர் கம்பி வழியாகக் கை நீட்டிப் பையை வாங்கினார். அங்கேயே நின்று பிரித்தார். பாண்டுங் நிறம் அந்த இருட்டுக் கூடத்தில் பளிச்சென்று விரிந்தது. மடிப்பிலிருந்து என் காகிதப் பை நழுவி, கம்பிக்கு இந்தப் பக்கம் நடைபாதையில் விழுந்து உடைந்தது. வளையல் உருண்டது. குங்குமம் சிமெண்டுத் தரையில் கொட்டியது.

அவர் அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"எம் மவன் போயி மூணு வருசமாச்சும்மா. நீயும் கழுத்துல தாலி கட்டினவதான? ஒனக்குத் தெரியாதா?"

சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஏழு தடவை. ஏழு தடவை ஒரு விதவைப் பெண்ணுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து அனுப்பியிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு பெரியம்மா விதவையானபோது நல்ல நாளில் அவர் எதிரே வருவதையே ஒதுக்குவார்கள். நான் என்ன செய்துவிட்டேன்?

அப்போது லிஃப்ட் திறந்தது. கையில் மார்க்கெட் பையுடன் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சாயம் போன சாம்பல் நிறச் சேலை. நெற்றி வெறுமையாக இருந்தது. தரையில் கிடந்த குங்குமத்தைப் பார்த்தாள், மாமியார் கையில் இருந்த சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"யாரு நீங்க? வீடு மாறி வந்துட்டீங்க போல," என்றாள்.

எவ்வளவு புத்தி அவளுக்கு! அந்த நொடியில் அப்படி ஒரு வழியை எனக்குத் திறந்துவிட்டாள். நான் "ஆமாம்மா, புளோக் மாறிப் போச்சு" என்று சொன்னால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். ஒரு வருடமாக என் காதுக்குள் சிரித்த குரல். ஆளைப் பார்த்தால் வாய் திறக்காத நான், அன்றைக்கு மட்டும் வாயைத் திறந்தேன்.

"தங்கச்சி, நீங்கதானா அது?" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாமியார் கதவைத் திறந்து சேலையை என் கையில் திணித்தார். "கொண்டு போ," என்றார். அப்புறம் மருமகள் பக்கம் திரும்பி, "யாருக்குடி காட்டறதுக்கு?" என்று கேட்டார். அவள் மார்க்கெட் பையோடு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நான் அந்த நடைபாதையில் முட்டி போட்டு உட்கார்ந்து என் முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பரவியது. உள்ளே யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

சாவு வீட்டிலிருந்து திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்த ஓர்ப்படியிடம் சொன்னேன். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "புருசன் செத்தவளுக்கு பாண்டுங் கலரா! அது கேட்டா நீ குடுத்திருவியா?"

"டெலிபோன்ல நெத்தி தெரியுமாக்கா?"

"அதுவும் சரிதான்," என்று அடங்கினாள். சற்று நேரம் கழித்து, "கோயிலா சர்ச்சான்னு கேட்டே. இத எப்படிக் கேக்கிறது? புருசன் இருக்காரா செத்துட்டாரான்னா?" என்றாள்.

கட்டிலில் போர்த்திக்கொண்டு கிடந்த என் கணவர் அப்போதுதான் பேசினார். "எனக்குத் தெரியுமே."

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"மொத தடவ குடுக்கிறப்பவே பாத்தேன். நெத்தியில ஒண்ணுமில்ல, கழுத்துல ஒண்ணுமில்ல. பொட்டலத்த அங்கேயே பிரிச்சு, அந்தச் சின்னப் பைய மட்டும் எடுத்து, 'அண்ணே, இத அக்காகிட்டயே குடுத்துருங்க'ன்னு திருப்பிக் குடுத்துரும். ஒவ்வொரு தடவையும்."

"அத என்ன செஞ்சீங்க?"

"கொண்டாந்து உன் குங்கும டப்பாவுலதான் போட்டேன். வேற என்ன செய்ய?"

அவள் திருப்பித் தந்த பையையே நான் மறுபடி எடுத்து அவளுக்கே வைத்து அனுப்பியிருக்கிறேன். ஒரே பை எத்தனை தடவை புக்கிட் பாத்தோக்குக்குப் போய் வந்ததோ!

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ கேக்கலியே. விக்கிறது உன் வேல, குடுக்கிறது என் வேல. சேலைய வாங்கறப்ப அது மூஞ்சி ஒரு மாதிரி மலரும். அதுல போயி நான் என்னத்தச் சொல்ல?" என்றார். பொம்பளைகள் பக்கம் நிமிர்ந்து பார்க்காத மனுஷன் என்று நான் இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவர்.

மூன்று வாரம் அவளிடமிருந்து அழைப்பு இல்லை. டெலிபோன் மணி அடிக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியார் அவளை வீட்டை விட்டு அனுப்பியிருப்பாரோ, வேலைக்குப் போக விடாமல் வைத்திருப்பாரோ என்று நினைத்து நினைத்து உருகினேன். வேறு ஆட்களுக்கு நிறம் சொல்லவே வாய் வரவில்லை. சிவப்பு என்றேன், பச்சை என்றேன். "என்னக்கா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்கள்.

நான்காவது வாரம் அந்தத் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது.

"அக்கா."

"தங்கச்சி! மன்னிச்சிருங்க, நான் மேல வந்திருக்கக் கூடாது, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது..."

"விடுங்கக்கா. நான் மீன் கடையில நின்னுட்டேன், லேட்டாயிருச்சு. என் தப்பும்தான்." குரலில் சிரிப்பு இல்லை. ஆனால் கோபமும் இல்லை. "அத்த ரெண்டு நாள் சாப்பிடல. அப்புறம் சாப்பிட்டாங்க. வேலைக்குப் போறேன். சேலையெல்லாம் எங்கன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன். கூட வேல செய்யற மலாய்க்காரக் கூட்டாளி வீட்டுலதான் வெச்சிருக்கேன். அவங்க பக்கம் கல்யாணம், விருந்துன்னா அங்க போயி கட்டிக்குவேன். அங்க என் நெத்திய யாரும் பாக்க மாட்டாங்க. சேலையத்தான் பாப்பாங்க."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தேக்காவுல கடைக்குப் போனா, நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே வெளுத்த சேலையா எடுத்துப் போடறாங்கக்கா. நான் கேக்கறது அவங்க காதுல விழறதே இல்ல. நீங்க மட்டுந்தான்..." என்று சொல்லி நிறுத்தினாள். பிறகு பழைய மாதிரி, "சரி, என்ன கலர் வந்திருக்கு?" என்றாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! திரும்பி வந்துவிட்டாள். கட்டிலைப் பார்த்தேன். மேலே மங்குஸ்தீன் தோல் நிறத்தில், தங்கக் கரை போட்ட புதுச் சேலை இருந்தது. அதற்குக் கீழே பத்துப் பதினைந்து சேலைகள். என் கை தானாக அடியில் போனது. என் வாய் தானாகப் பேசியது.

"சந்தனக் கலர்ல ஒண்ணு வந்திருக்கு, தங்கச்சி. கரை இல்ல. உங்களுக்கு நல்லா இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. காசு தீரப்போகிறது என்று டெலிபோன் கீச்சிட்டது.

"நீங்களும் பாத்துட்டீங்க, இல்ல?" என்றாள்.

லைன் அறுந்தது.

நான் ரிசீவரை வைக்காமல் நின்றேன். கடைக்காரர்களைப் பற்றி அவள் சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதையேதான் நானும் செய்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அவள் மாமியாரை மூன்று வாரமாக மனத்துக்குள் எவ்வளவு திட்டியிருந்தேன்! என் கையைப் பார்த்தேன். அந்தச் சந்தனச் சேலையின் நுனி இன்னும் என் விரல்களுக்குள் இருந்தது. பார்க்காமல் விற்றதால்தான் அவள் கேட்டதை நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டேன். உடனே அவளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று எனக்குத் தெரிந்துபோய்விட்டது.

அவளை மறுபடி அழைக்க நம்பர் இல்லை. புக்கிட் பாத்தோக்குக்குப் போக எனக்கு முகம் இல்லை.

அன்று சாயங்காலமே மஞ்சள் குங்கும டப்பாவைச் சாமி அலமாரிக்கு மாற்றினேன். "பொட்டலத்துல ஒண்ணும் வெக்கலைன்னா ஆளு போயிரும்டி," என்று ஓர்ப்படி குதித்தாள். யாரும் போகவில்லை. இரண்டு பேர் மட்டும் எங்கே என்று கேட்டார்கள், கேட்டவர்களுக்கு வைத்தேன். நோட்டில் சிலுவை போடுவதையும் விட்டேன். புதிதாக யார் கூப்பிட்டாலும் கோயிலா சர்ச்சா என்று கேட்கவில்லை, வயது கேட்கவில்லை. கட்டிலில் மேலே எந்தச் சேலை இருக்கிறதோ அதைத்தான் முதலில் சொன்னேன். அறுபது வயதுக் கிழவியாக இருந்தாலும் மேலே இருப்பது மிளகாய்ச் சிவப்பு என்றால் மிளகாய்ச் சிவப்புதான். அதிலும் ஒரு அதிர்ச்சி பாருங்கள்: அந்த நிறம் இவர்களுக்கு ஆகாது என்று நான் நினைத்திருக்கக்கூடிய எத்தனையோ பேர், "ம், அதையே அனுப்பு" என்றார்கள்.

மங்குஸ்தீன் சேலையை மட்டும் எடுத்து அலமாரியில் வைத்தேன். கேட்டவர்களுக்கு அது விற்றுப்போனது என்று பொய் சொன்னேன். ஓர்ப்படிக்கு விஷயம் தெரிந்ததும், "அவ இனிமே கூப்பிடவா போறா? மொத்தக் கடைக்காரர் சேலைய அலமாரியில பூட்டி வெச்சு யாவாரம் பண்ணச் சொல்லல," என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பகல் நேரம், டெலிபோனில் ஒரு மலாய்க்காரப் பெண்ணின் குரல். மலாய் எனக்குச் சந்தையில் பேசுகிற அளவுக்குத்தான் தெரியும். சேலை விற்கிற வீடா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என்ன நிறம் இருக்கிறது என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, மங்குஸ்தீன் தோல், நன்றாகப் பழுத்தது, உரித்து உடனே பார்த்தால் இருக்கிற நிறம், கரை தங்கம், முந்தியில் மாங்காய் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். வார்த்தை தட்டுப்பட்ட இடத்தில் தமிழிலேயே சொன்னேன். அவள் பக்கத்தில் யாரிடமோ மெதுவாக ஏதோ கேட்டாள். பதில் எனக்குக் கேட்கவில்லை. கேட்க முயலவும் இல்லை. பிறகு அவள், சரி, வேண்டும், ஜூரோங்கில் இன்ன புளோக்குக்குக் கீழே கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்றாள். முடியும் என்றேன்.

சேலையை மட்டும் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, என் கணவரிடம் கொடுத்தேன். "குடுத்துட்டு நேரா வந்துருங்க," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "அங்க யாரு வந்து வாங்கினாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க," என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கை கழுவப் போனார். நான் அவருக்குச் சோறு போட்டேன்.